பட்டன் குத்தும் நிஜக் குத்தும்



நம்ம பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அடிக்கடி ஒரு சண்டை நடக்கும். கைச்சண்டை இல்லை, வாய்ச்சண்டை. போனில் விளையாடுகிற பாக்ஸிங் கேம் நிஜமா, பொய்யா என்பதுதான் விஷயம். "அது சும்மா பொம்மைப்பா" என்று ஒரு கட்சி. "இல்ல, அதுல வர்றவங்க எல்லாம் நிஜ பாக்ஸர், அப்படியே நிஜச் சண்டைதான்" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சி சொல்வதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி நிஜம், எந்தப் பாதி பொய் என்று பிரித்துக் காட்டத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் குத்துச்சண்டை என்றால் என்ன?

கயிறு கட்டிய சதுர மேடைக்கு 'ரிங்' என்று பெயர். சதுரமாக இருந்தாலும் வட்டம் என்று அர்த்தம் வரும் பெயர்தான்! அதில் ஒரே எடைப் பிரிவைச் சேர்ந்த இரண்டு பேர் மோதுவார்கள். எடை ரொம்ப முக்கியம். 50 கிலோ ஆளையும் 90 கிலோ ஆளையும் மோத விட்டால் அது விளையாட்டு இல்லை, அநியாயம். இடுப்புக்குக் கீழே குத்தக் கூடாது. பின்னந்தலையில் குத்தக் கூடாது. கீழே விழுந்தவரைத் தொடவே கூடாது. விழுந்தவர் நடுவர் பத்து எண்ணுவதற்குள் எழுந்து தயாராகாவிட்டால் 'நாக் அவுட்'.

பணத்துக்காக மோதுவது தொழில்முறைக் குத்துச்சண்டை. ஒலிம்பிக், ஆசியப் போட்டி போன்றவற்றில் நாட்டுக்காக மோதுவது இன்னொரு வகை, அதில் மூன்றே ரவுண்டுதான். தொழில்முறையில் ஆண்களுக்கான பெரிய பட்டப் போட்டி 12 ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு 3 நிமிடம், நடுவில் 1 நிமிடம் ஓய்வு. கணக்குப் போட்டுப் பாருங்க: சண்டை மட்டும் 36 நிமிடம், ஓய்வும் சேர்ந்தால் 47 நிமிடம். நம்ம ஒரு பீரியடை விட அதிகம்! கேமில் கடிகாரம் வேகமாக ஓடுவதால் அந்த 12 ரவுண்டும் சட்டென்று முடிந்துவிடும். முதல் வித்தியாசம் இங்கேயே ஆரம்பிக்கிறது.

வீடியோ கேமுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் குத்துச்சண்டை!

இது எனக்கு ரொம்ப ஆச்சரியமான செய்தி. வீட்டில் வீடியோ கேம் விளையாடும் காலம் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டர் ஒரு குத்துச்சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவில் முர்ரே வோரோனர் என்று ஒரு வானொலித் தயாரிப்பாளர் இருந்தார். வேறு வேறு காலத்தில் வாழ்ந்த சாம்பியன்கள் நேருக்கு நேர் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று அவருக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு வீரரின் பலம், வேகம், அடி தாங்கும் சக்தி எல்லாவற்றையும் எண்களாக மாற்றி கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். அது சொன்ன முடிவை 1967-இல் வானொலியில் நேர்முக வர்ணனை மாதிரி ஒலிபரப்பினார். அதில் முகமது அலி தோற்றதாக வந்தது. அலி சும்மா இருப்பாரா? என் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்.

கடைசியில் சமாதானம் ஆகி, அலியும் பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவும் சேர்ந்து 1969-இல் ஒரு படத்தில் நடித்தார்கள். மார்சியானோ 49 போட்டிகளில் 49-ஐயும் ஜெயித்து, 1956-இல் ஓய்வு பெற்றவர். படத்துக்காக உடம்பைக் குறைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார்! இரண்டு பேரும் பல ரவுண்டுகள் மெதுவாகக் குத்தி நடித்தார்கள். பல விதமான முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எந்த முடிவு என்று கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும். அந்த முடிவைப் பார்க்காமலே 1969 ஆகஸ்ட் 31 அன்று மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் படம் வந்தது. 13-ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் செய்து ஜெயித்ததாகக் காட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? ஆளை எண்ணாக மாற்றுவது. இன்றைக்கு கேமில் ஒரு வீரரின் படத்துக்குப் பக்கத்தில் வேகம் இவ்வளவு, பலம் இவ்வளவு என்று மார்க் போட்டிருக்கிறதே, அதுவும் இதே யோசனைதான்.

கேமுக்குள் நிஜ ஆள் வந்த கதை

1976-இல் ஜப்பானின் சேகா கம்பெனி 'ஹெவிவெயிட் சேம்ப்' என்ற கருப்பு வெள்ளை கேம் இயந்திரத்தைக் கொண்டு வந்தது. காசு போட்டு விளையாடும் பெரிய பெட்டி அது. அதில் பட்டனுக்குப் பதில் கிளவுஸ் மாதிரியே ஒரு கைப்பிடி. அதற்குள் கையை விட்டு, மேலே கீழே நகர்த்தி, முன்னால் தள்ளினால் திரையில் குத்து விழும். ஆனால் திரையில் இருந்த இரண்டு பேருக்கும் பெயர் கிடையாது.

நிஜப் பெயரோடு ரொம்பப் புகழ் பெற்றது 1987-இல் வந்த 'மைக் டைசன்ஸ் பஞ்ச் அவுட்'. நிண்டெண்டோ கம்பெனி போட்டது. 1986 நவம்பரில் 20 வயதிலேயே உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர் டைசன். கேமில் நாம் 'லிட்டில் மேக்' என்ற குட்டிப் பையன். ஒவ்வொருவராக ஜெயித்துக்கொண்டே போனால் கடைசியில் டைசன் நிற்பார். முதல் ஒன்றரை நிமிடம் அவருடைய ஒரே ஒரு அப்பர்கட் பட்டாலும் நாம் கீழேதான்!

அந்த கேமில் ஒரு நல்ல பாடம் உண்டு. எதிராளி குத்துவதற்கு முன்னால் கண்ணைச் சிமிட்டுவான், அல்லது உடம்பை ஒரு மாதிரி அசைப்பான். அந்தக் குறிப்பைப் பார்த்து விலகிவிட்டு அப்புறம் குத்த வேண்டும். கண்டபடி பட்டனை அழுத்தினால் தோல்விதான். நிஜக் குத்துச்சண்டையிலும் முதலில் கற்றுக்கொடுப்பது குத்துவதை இல்லை, நிற்பதையும் தடுப்பதையும்தான். எதிராளியின் தோள் அசைவைப் பார்த்தே அடுத்த குத்து எந்தக் கையில் வரும் என்று கண்டுபிடிப்பார்கள். ஆக, இந்தப் பாதி நிஜம்.

பெயர் என்பது சொத்து

டைசனின் பெயரைப் போட நிண்டெண்டோ அவரோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்த ஒப்பந்தக் காலம் முடிந்ததும் 1990-இல் அதே கேமை மறுபடி வெளியிட்டபோது டைசன் இருந்த இடத்தில் 'மிஸ்டர் ட்ரீம்' என்ற கற்பனை ஆள் நின்றான். குத்து அதே குத்து. முகமும் பெயரும் மட்டும் மாறிவிட்டன. அதே 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் நிஜ டைசனை பஸ்டர் டக்ளஸ் என்பவர் நாக் அவுட் செய்தார். உடனே அந்த ஆண்டே சேகா கம்பெனி டக்ளஸ் பெயரில் ஒரு கேம் கொண்டு வந்துவிட்டது! 1992-இல் ஹோலிஃபீல்டு, ஜார்ஜ் ஃபோர்மேன், முகமது அலி என்று ஆளாளுக்கு ஒரு கேம். ரிங்கில் யார் ஜெயிக்கிறாரோ அவர் முகத்துக்குக் கடையிலும் விலை.

எவ்வளவு விலை என்று கேட்கிறீர்களா? 2006-இல் முகமது அலி தன் பெயர், உருவம் இவற்றின் உரிமையில் 80 சதவீதத்தை ஒரு நிறுவனத்துக்கு 5 கோடி டாலருக்குக் கொடுத்தார். அவர் ரிங்கை விட்டு இறங்கி 25 வருஷம் ஆன பிறகு! அதாவது கேமில் அலியின் முகம் வருகிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு கையெழுத்தும் ஒரு தொகையும் இருக்கிறது.

ஆள் மட்டும் இல்லை, குரலும் சொத்துதான். பெரிய போட்டிகளில் மைக் பிடித்து வீரர்களை அறிமுகம் செய்பவர் மைக்கேல் பஃபர். ஆரம்பத்தில் அவர் கத்தும் ஒரு வாக்கியத்தையே வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். 1999-இல் வந்த 'ரெடி டூ ரம்பிள் பாக்ஸிங்' கேமுக்குப் பெயர் அந்த வாக்கியத்திலிருந்து வந்தது. உள்ளே அறிவிக்கும் குரலும் அவருடையதுதான்.

அசைவை எப்படி எடுக்கிறார்கள்?

பழைய கேம்களில் கையால் படம் வரைந்து அசைய வைத்தார்கள். இப்போது அப்படி இல்லை. ஒருவருக்கு உடம்போடு ஒட்டிய உடை போட்டு, மூட்டுக்கு மூட்டு சின்னச் சின்னப் பொட்டு மாதிரி குறிகளை ஒட்டுகிறார்கள். சுற்றிலும் பல கேமராக்கள். அவர் குத்தும்போது அந்தப் பொட்டுகள் எப்படி நகர்கின்றன என்று கம்ப்யூட்டர் பதிவு செய்துகொள்ளும். அப்புறம் அந்த அசைவை திரையில் இருக்கும் உருவத்துக்கு மாட்டிவிடுவார்கள். பொம்மலாட்டத்தில் நூல் இருக்கிற மாதிரி இங்கே கணக்கு.

ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் கம்பெனி 1998-இல் 'நாக்அவுட் கிங்ஸ்' என்ற வரிசையையும், 2004-இல் 'ஃபைட் நைட்' என்ற வரிசையையும் ஆரம்பித்தது. ஃபைட் நைட்டில் பட்டனை அழுத்துவதற்குப் பதில், கையில் உள்ள சின்னக் குச்சியை வளைத்துச் சுற்றினால் ஹூக்கும் அப்பர்கட்டும் விழும். 2009-இல் வந்த நான்காம் பாகத்தில் நிஜத்தில் ஒருநாளும் மோதாத அலியையும் டைசனையும் மோத விடலாம். வோரோனர் ஆசைப்பட்டது நாற்பது வருஷம் கழித்து நம் கைக்கு வந்துவிட்டது!

2011-க்குப் பிறகு அந்த வரிசை நின்றுபோனது. 2024 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் உள்ள ஒரு கம்பெனி 'அன்டிஸ்பியூட்டட்' என்ற கேமைக் கொண்டு வந்தது. 70-க்கும் மேற்பட்ட நிஜ வீரர்கள் அனுமதி கொடுத்து அதில் இருக்கிறார்கள். டைசன் ஃப்யூரி, உசிக், கனெலோ, காலஞ்சென்ற முகமது அலி எல்லோரும் உண்டு. அயர்லாந்தின் கேட்டி டெய்லர் மாதிரி பெண் வீராங்கனைகளும் உண்டு. தோழிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்!

நிஜம் கேம் மாதிரி ஆன கதை

இதுவரை நிஜத்திலிருந்து கேமுக்கு என்ன போனது என்று பார்த்தோம். திருப்பியும் நடந்திருக்கிறது. நிஜக் குத்துச்சண்டைக்குள்ளே பட்டன் வந்துவிட்டது.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து குத்தினார் என்றும், கொரிய வீரர் 32 தான் குத்தினார் என்றும் எண்ணிச் சொன்னார்கள். ஆனால் நடுவர்கள் மூன்று பேர் கொரிய வீரருக்கும், இரண்டு பேர் ஜோன்ஸுக்கும் கொடுத்ததால் ஜோன்ஸுக்கு வெள்ளிதான். உலகம் முழுக்க ஒரே கூச்சல். அதனால் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் புது முறை வந்தது. ஐந்து நடுவர்கள் கையில் பட்டன். சரியான குத்து விழுந்தால் அழுத்த வேண்டும். ஐந்தில் மூன்று பேராவது ஒரு விநாடிக்குள் அழுத்தினால்தான் ஒரு பாயிண்ட். வீரர்களும் பலமாகக் குத்துவதை விட, நடுவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குத்திவிட்டு ஓடுவதைக் கற்றுக்கொண்டார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் வரை கம்ப்யூட்டர் கணக்குதான். 2013-இல் அதை விட்டுவிட்டு, ரவுண்டுக்கு 10 மார்க் போடும் தொழில்முறை வழிக்கே வந்துவிட்டார்கள்.

நம் நாட்டின் விஜேந்தர் சிங் 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கியதும், மேரி கோம் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இந்தப் பட்டன் காலத்தில்தான்.

இன்னொரு வேடிக்கை. சியோலில் தோற்றதாகச் சொல்லப்பட்ட அதே ராய் ஜோன்ஸ் பிறகு தொழில்முறையில் நான்கு எடைப் பிரிவுகளில் உலக சாம்பியன் ஆனார். 'ஃபைட் நைட் 2004' கேமின் அட்டைப் படத்தில் இருப்பவர் அவர்தான்!

உங்களுக்குத் தெரியுமா?

டிவியில் தொழில்முறைப் போட்டி பார்க்கும்போது இவர் இத்தனை குத்து குத்தினார் என்று கணக்கு வரும். அதை இயந்திரம் எண்ணுவது இல்லை. 1985-இல் தொடங்கிய 'கம்ப்யூபாக்ஸ்' என்ற நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் ரிங் ஓரம் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வீரரைப் பார்த்துக்கொண்டே நாலு பட்டனைத் தட்டுகிறார்கள். ஜாப் பட்டது, ஜாப் படவில்லை, பலத்த குத்து பட்டது, படவில்லை. அவ்வளவுதான்! 'அன்டிஸ்பியூட்டட்' கேமிலும் இந்தக் கம்ப்யூபாக்ஸ் பெயரிலேயே கணக்கு வருகிறது.

நம்ம ஆளுங்க எங்கே?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். முகமது அலியை நாம் கேமில் மட்டும் பார்க்கவில்லை. 1980-இல் அவர் நம் சென்னைக்கே வந்திருக்கிறார்! நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் குத்திக் காட்டினார். அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். கூட்டம் அலைமோதியது.

சென்னைக்கு ஏன் அவ்வளவு ஆர்வம்? வடசென்னையில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே குத்துச்சண்டை இருக்கிறது. ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், மீன் பிடித்தவர்களும் சாயங்காலம் கிளவுஸ் மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தார்கள். வாத்தியார் வழி வாத்தியாராக வந்ததால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'பரம்பரை' என்று பெயர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று உண்டு. கித்தேரி முத்து என்ற சார்பட்டா வீரர் பெயரை அங்கே இன்றைக்கும் சொல்கிறார்கள். 2021-இல் பா. இரஞ்சித் எடுத்த 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு இதெல்லாம் தெரியும். அந்தப் படத்தில் வரும் கபிலன் கற்பனை. ஆனால் பரம்பரைகள் நிஜம். அந்தச் சென்னையிலிருந்தே வந்த வி. தேவராஜன் 1994-இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கி, அர்ஜுனா விருதும் பெற்றார்.

இப்போது ஒரு கேள்வி. அலியைக் கேமில் கொண்டு வர முடிகிறது. கித்தேரி முத்துவைக் கொண்டு வர முடியுமா?

ஒரு வீரரைக் கேமில் கொண்டு வர என்னவெல்லாம் வேண்டும் என்று மேலே பார்த்தோமே, அதைத் திரும்ப நினைத்துப் பாருங்க. முகத்தை எல்லாப் பக்கமும் காட்டும் போட்டோ வேண்டும். எப்படி நகர்வார் என்று காட்டும் சினிமாப் படம் வேண்டும். எத்தனை போட்டி, எத்தனை வெற்றி என்ற கணக்கு வேண்டும். அலிக்கு இது எல்லாமே இருக்கிறது. அவர் குத்திய ஒவ்வொரு பட்டப் போட்டியும் படமாக இருக்கிறது. நம்ம பரம்பரை வீரர்களுக்கு இருந்தது ஆயிரக்கணக்கான ஜனக்கூட்டம், நோட்டீஸ், கைதட்டல். பார்த்தவர்கள் நினைவில்தான் அவர்கள் குத்து பத்திரமாக இருந்தது. பார்த்தவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

கேமுக்குள் போவதற்கு பலம் மட்டும் போதாது. யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். யாராவது படம் எடுத்திருக்க வேண்டும். இதை எழுதும்போது எனக்கு நம்ம பக்கத்துச் சிலம்ப வாத்தியார்களும், பொங்கலுக்கு ஊர் ஊராகப் போய் கபடி ஆடி அண்டா, குத்துவிளக்கு வாங்கி வந்த தாத்தாக்களும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களைப் பற்றி எந்தக் கம்பெனியும் கேம் போடப் போவதில்லை. ஆனால் நம்ம சுவர்ப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுத நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அவங்ககிட்ட போய்க் கேட்டாலே சொல்வாங்க.

கேமுக்குள் வரவே வராத ஒன்று

பெயர் வந்துவிட்டது, முகம் வந்துவிட்டது, அசைவு வந்துவிட்டது, கணக்கும் வந்துவிட்டது. வராதது என்ன? வலி.

கேமில் மேலே ஒரு கோடு இருக்கும். அடி பட்டால் குறையும், கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் திரும்ப ஏறும். தோற்றாலும் மறுபடி ஆரம்பிக்கலாம். நம் மூளைக்கு அப்படி ஒரு கோடு இல்லை. மண்டை ஓட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றிய தூக்குவாளிக்குள் ஒரு முட்டையைப் போட்டு மூடி, வெளியே சடாரென்று ஒரு ஆட்டு ஆட்டுங்கள். வாளிக்கு ஒன்றும் ஆகாது. முட்டை? அதுதான் தலையில் விழும் குத்து. வெளியே காயமே தெரியாது. உள்ளே மூளை குலுங்கி, இழுபட்டுப் போகும். கிளவுஸ் போட்டால் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். கிளவுஸ் முக்கியமாகக் காப்பாற்றுவது குத்துபவரின் விரல் எலும்பை. வாங்குபவரின் மூளையை அது முழுசாகக் காப்பாற்றாது.

இது 1928-இலேயே தெரியும். அந்த ஆண்டு ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், தலையில் அதிக அடி வாங்கிய குத்துச்சண்டை வீரர்கள் குடிக்காமலே குடித்தவர் மாதிரி தள்ளாடுவதையும், பேச்சு குழறுவதையும் பற்றி எழுதினார்.

1982 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் கொரியாவைச் சேர்ந்த கிம் டுக் கூ என்ற வீரர் 14-ஆவது ரவுண்டில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. சில நாட்களில் இறந்துவிட்டார். அதுவரை பட்டப் போட்டி 15 ரவுண்டு. அவர் இறந்த பிறகு உலகக் குத்துச்சண்டை கவுன்சில் அதை 12 ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னால் அதையே செய்தன. இன்றைக்கு நாம் கேமில் '12 ரவுண்டு' என்று சாதாரணமாகத் தேர்வு செய்கிறோமே, அந்த 12-க்குப் பின்னால் ஒரு மனிதனின் உயிர் இருக்கிறது. திரையில் அது எங்கேயும் எழுதியிருக்காது.

முகமது அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கை நடுங்கும், பேச்சு மெதுவாகும். வாங்கிய அடிகளும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். 2016 ஜூன் 3 அன்று அவர் காலமானார். கேமில் வரும் அலிக்கு எப்போதும் இளமை. கை நடுங்காது.

பழனிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மலைக்கு விஞ்சில் போகலாம், ரோப் காரில் போகலாம், படி ஏறியும் போகலாம். மூன்றிலும் சாமி கும்பிடலாம். ஆனால் விஞ்சில் போனவருக்கு முழங்கால் வலி தெரியாது. கேம் என்பது விஞ்ச். தப்பே இல்லை, ஜாலியாகப் போகலாம். ஆனால் விஞ்சில் போய்விட்டு "நான் படி ஏறினேன்" என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்?

ஒருநாள் மைதானத்தில் கேம் மாதிரி செய்கிறேன் என்று ஒருவன் இன்னொருவன் காதோரம் ஓங்கி விட்டான். யார் என்று எழுத மாட்டேன். அடி வாங்கியவனுக்குத் தலை சுற்றி, அன்று மாலை வரை பாடம் மண்டையில் ஏறவில்லை. அடித்தவன் கெட்டவன் இல்லை. அவன் பார்த்த திரையில் விழுந்தவன் உடனே எழுந்து நின்றான், அதையே அவனும் எதிர்பார்த்தான். ஆகவே நண்பர்களே, இதை மட்டும் மனதில் வையுங்கள்:

1. கிளவுஸ், தலைக்கவசம், பல் காப்பு, சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், நடுவர் இவை இல்லாமல் முகத்தில் குத்துவது பாக்ஸிங் இல்லை. அதற்குப் பெயர் அடிதடி.

2. தலையில் அடிபட்டு யாருக்காவது வாந்தி, தலைசுற்றல், தூக்கக் கலக்கம், பார்வை மங்கல் வந்தால் மறைக்காமல் உடனே ஆசிரியரிடம் சொல்லி, மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். "அடிச்சது தெரிஞ்சா திட்டுவாங்க" என்று மறைப்பதுதான் ஆபத்து.

3. நிஜமாகவே கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் நம்ம பி.டி. ஆசிரியரிடம் கேளுங்கள். திண்டுக்கல்லில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. எங்கே பயிற்சி இருக்கிறது என்று அங்கே விசாரிக்கலாம்.

தோழிகளுக்கு ஒரு வார்த்தை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பாக்ஸிங்?" என்று கேட்பவர்களிடம் கோபப்பட வேண்டாம். கணக்குச் சொல்லுங்கள். மணிப்பூரின் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த மேரி கோம் 2002, 2005, 2006, 2008, 2010, 2018 என்று ஆறு முறை உலக சாம்பியன். கடைசி முறை ஜெயித்தபோது அவர் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையையே 2012-இல்தான் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் அவர் ஐந்து முறை உலகப் பட்டம் வாங்கிவிட்டார்! அசாமின் லவ்லினா 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம். தெலங்கானாவின் நிகத் ஜரீன் 2022, 2023 இரண்டு ஆண்டும் உலக சாம்பியன். பட்டனை அழுத்தி யாரும் இவர்களை ஜெயிக்க வைக்கவில்லை.

எனக்கும் ஒரு ஆசை உண்டு. ஜாப் எப்படி விடுவது, கால் எப்படி வைப்பது என்று முறையாக ஒரு வாத்தியாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "முகத்துல அடிபட்டா என்ன பண்றது?" என்று அம்மா கேட்கிறார். அம்மா கேட்பது நியாயமான கேள்வி. மேலே எழுதிய மார்ட்லேண்ட் டாக்டர் கேட்ட கேள்வியும் அதுதான். அதற்குச் சரியான பதில் கிளவுஸும் கவசமும் நல்ல வாத்தியாரும்தான். அப்படி ஒரு இடம் நம்ம ஊருக்குப் பக்கத்தில் கிடைத்தால் அம்மாவையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்.

கேள்வி நேரம் (விடை எல்லாம் கட்டுரைக்குள்ளேயே இருக்கு. தேடுங்க!)

1. கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொன்ன சண்டையில் டோப்பா வைத்து நடித்த சாம்பியன் யார்?

2. 'மிஸ்டர் ட்ரீம்' யாருடைய இடத்தில் வந்தான்? ஏன்?

3. பட்டப் போட்டி 15 ரவுண்டிலிருந்து 12 ஆனது எதனால்?

4. முகமது அலி சென்னைக்கு வந்த ஆண்டு எது?

5. உங்கள் தெருவில் கபடி, சிலம்பம், மல்யுத்தம் ஆடிய பெரியவர் யாராவது இருக்கிறாரா? (இதற்கு விடை கட்டுரையில் இல்லை. கேட்டு எழுதி, அடுத்த இதழுக்குக் கொடுங்கள்.)



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
பழனி.